பள்ளிச் சேர்க்கை முன்னுரிமையும் நடுவுநிலைமையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பள்ளிச் சேர்க்கையில் ஒரு குழந்தையை முன்னே நிறுத்தினால் மற்றொரு குழந்தை பின்னே நிற்க நேர்கிறது. எனவே, முன்னுரிமை நடுவுநிலைமைக்கு முரணானதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. அயல்நாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான முன்னுரிமையைக் கொண்டு இவ்வையத்தை ஆராய்ந்து, பெறப்படும் விடையைக் கேரளத்தின் அகளிப் பகுதியோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தின் விதி

இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பிலுள்ள குழந்தைகளுக்குச் சேர்க்கையில் முதலிடம் தரப்படுகிறது. 2012ஆம் ஆண்டின் சேர்க்கை நெறித்தொகுப்பு, அப்பராமரிப்பிலிருந்து தத்துச் சென்றோரையும் இதனுள் கொணர்ந்தது. எனினும், பிற நாட்டுக் காப்பகங்களில் வாழ்ந்து பின்னர் தத்தெடுக்கப்பட்டோர் விடுபட்டனர். 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்பே அவர்களுக்கும் அவ்வுரிமையை வழங்கியது.

முன்னுரிமையின் அடிப்படை

இச்சலுகைக்கு இரு காரணங்கள் கூறலாம். ஒன்று, பெற்றோர் நிலையில் நின்ற அரசின் கடமை. மற்றொன்று, குழந்தை உற்ற இழப்பு. முதற்காரணமே அடிப்படையாயின், அயல்நாட்டுக் குழந்தைக்கு இங்கிலாந்து அரசு கடன்பட்டதன்று. இழப்பே அடிப்படையாயின், அது நிகழ்ந்த நாடு எதுவெனக் கேட்பது பொருந்தாது. 2021ஆம் ஆண்டின் மாற்றம் இரண்டாவதனையே ஏற்கிறது எனலாம்.

பின்னே நிற்கும் குழந்தை தவறேதும் செய்யவில்லை என்பது வலுவான மறுப்பே. ஆயினும், அக்குழந்தை இழப்பது விரும்பிய பள்ளியை. முன்னே நிற்கும் குழந்தை முன்னரே இழந்தது பிறந்த குடும்பத்தை. பல நேரங்களில் மொழியையும். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாக்குகிறார். தட்டுகளில் உள்ள எடையை நோக்காது துலாக்கோல் சமன் காட்டுவதில்லை என்பது ஈண்டு நினையத்தக்கது.

அகளி உணர்த்துவது

அட்டப்பாடியின் மூன்று ஊராட்சிகளுள் அகளியும் ஒன்று. ஏனையவை புதூரும் ஷோளையூரும் ஆகும். இங்கு இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இருளர் மொழி தமிழுக்கு நெருக்கமானது. பள்ளிகளிலோ மலையாளமே பெரிதும் பயிற்றுமொழி. இங்குள்ள குழந்தை நாட்டெல்லை எதனையும் கடக்கவில்லை, பெற்றோரையும் பிரியவில்லை. எனினும், வகுப்பறைக்குள் நுழைந்ததும் அயல்மொழியினராகி விடுகிறது.

இவ்விரு நிலைகளும் ஒன்றல்ல. முன்னதில் இடம் கிடைப்பதே சிக்கல். பின்னதில் கிடைத்த இடத்தில் நிலைப்பதே சிக்கல். ஆகவே கடமையின் அடிப்படை ஒன்றாயினும் அதன் வடிவம் வேறுபடுகிறது. கேரள அரசு 2017இல் வயநாட்டில் தொடங்கிய கோத்ரபந்து திட்டம், பழங்குடிச் சமூகத்தினரையே தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இழப்பை அளவிட்டு ஈடுசெய்யும் முன்னுரிமை நடுவுநிலைமைக்கு முரணன்று. அதன் செயல்வடிவமே ஆகும். நாட்டெல்லையில் நின்றுவிடும் முன்னுரிமை தன் காரணத்தையே மறுக்கிறது. பள்ளி வாயிலோடு நின்றுவிடும் முன்னுரிமை தன் பயனை இழக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் பெயரை முதலில் எழுதுவதோடு அறம் நிறைவுறுவதில்லை. அப்பெயருக்குரிய குழந்தைக்கு விளங்கும் மொழியில் பாடம் தொடங்கும்போதே அது நிறைவுறுகிறது.