நல்ல நாளுக்கு...

கடம்பூர் ஸ்டேஷனில் போளி வாங்குகிறவர் யாரும் அதைப் பூட்டி வைப்பதில்லை. வாங்கியதும் பூட்டி வைக்க வேண்டிய ஒரு பொருள் உண்டு, தெரியுமா? விவியனைட் என்கிற கல்!

இரும்பும் பாஸ்பேட்டும் நீரும் கலந்தது. அட, நம்ம கரிசக்காட்டுக்கு மூட்டையில் வருகிற டி.ஏ.பி. உரத்தில் இருக்கிற அதே பாஸ்பேட்தான். நகத்தால் கீறினாலே கோடு விழும். மண்ணுக்குள் இருக்கும்வரை ஏறக்குறைய நிறமே கிடையாது. வெளிச்சம் படப் பட பச்சை, நீலம், கடைசியில் கறுப்பு. வெடிப்பும் விடும். பொலிவியா சுரங்கத்திலிருந்து வருகிற நல்ல படிகத்தைச் சேகரிப்பாளர்கள் ஆசையாக வாங்கி, இருட்டில் வைத்துவிடுகிறார்கள். பார்த்தால் கெட்டுவிடுமாம்!

பார்க்க முடியாததை வைத்திருப்பது சொத்தா, காவல் வேலையா?

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் 'நல்ல நாளுக்கு' என்று ஒரு பட்டுப்புடவை மடிந்து கிடக்கும். என் அம்மாவும் வைத்திருந்தாள். பல வருஷம் கழித்துப் பிரித்தால், மடிப்பிலேயே இற்றுப் போயிருந்தது. இத்தனைக்கும் வெளிச்சமே படவில்லை!

கல்லை இருட்டில் வைப்பதில் நியாயம் இருக்கிறது. இன்னும் நூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் பார்க்கலாம். புடவைக்கு அந்த நியாயம் கிடையாது. அதை உடுத்த வேண்டியவள் ஒருத்திதான். அவளுக்கும் வயசாகிக்கொண்டே இருக்கிறது.

இந்த வாரம் பீரோவைத் திறங்களேன்.