தொடாத கடன்

“செட்டில் பண்ணிட்டேன்” என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் அது பெருமையான வாக்கியம். கணக்கு முடிந்தது, இனி அந்தத் தெரு வழியே தலைநிமிர்ந்து போகலாம். அதே ‘செட்டில்டு’ என்ற சொல் சிபில் அறிக்கையில் உங்கள் பெயருக்கு எதிரே இருந்தால் அது கறை. தரவேண்டியதைவிடக் குறைவாகத் தந்து, வங்கியும் ‘சரி, போ’ என்று விட்ட கணக்கு என்பது அதன் பொருள். பைசா பாக்கியில்லாமல் முடித்த கணக்குக்கு ‘குளோஸ்டு’ என்று பெயர். அதுதான் நல்ல சொல். ஆனால் கிரெடிட் கார்டு விஷயத்தில் அந்த நல்ல சொல்லுக்கும் ஒரு விலை உண்டு.

என் கல்லூரி நண்பன் ஒருவனுக்கு இரவு பதினொன்றரை மணிக்கு மேல் போனில் எதையாவது வாங்கும் பழக்கம் இருந்தது. ஷூ, ஹெட்போன், ஒருமுறை கூடாரம்கூட வாங்கினான். மலை ஏறுகிற ஆள் இல்லை அவன். மூன்று கார்டுகளிலும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் நின்றது. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று பார்க்கும்போது சின்னதாகத்தான் தெரியும். வருடத்துக்கு அது 42. பதினான்கு மாதங்கள், ஒரு தவணை தப்பாமல், எல்லாவற்றையும் கட்டினான். பிறகு போன் செய்து இரண்டு கார்டுகளை மூடச் சொன்னான். அடுத்த மாதம் ஸ்கோர் இறங்கியிருந்தது. எனக்கு போன் போட்டான்.

“கடன் கட்டுனேன், ஏறுச்சு. சரி. இனிமே கடனே வேணாம்டான்னு சொன்னா ஏன்டா இறங்குது?”

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று கார்டுகளின் மொத்த லிமிட் 5,00,000. வீட்டுச் செலவு, பெட்ரோல், பள்ளிக் கட்டணம் என்று மாதம் 45,000 ரூபாய் கார்டில் போகிறது. அதாவது லிமிட்டில் 9 சதவீதம். இரண்டை மூடிவிட்டான்; மிச்சமிருப்பதன் லிமிட் 1,00,000. அதே 45,000 இப்போது 45 சதவீதம். அவன் ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்கவில்லை. மாதாமாதம் முழுப் பணத்தையும் கட்டுகிறவன்தான். ஆனால் வங்கி தகவல் அனுப்பும் நாளில் நிற்கிற தொகைதான் சிபிலுக்குப் போகும். முப்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது இந்த விகிதத்தைத்தான். சிபில் தன் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. அமெரிக்காவின் ஃபைகோ தோராயமான எடைகளைச் சொல்லியிருக்கிறது: தவணை தவறாமைக்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதுக் கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10. அந்த முப்பதில் பெரும்பங்கு இந்த விகிதம்.

பழைய கார்டை மூடினால் வரலாறே அழிந்துவிடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. மூடிய கணக்கும் அறிக்கையில் இருக்கும். இந்தியாவில் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். உடனே அடிப்பது விகிதம்தான். வயதின் அடி இருந்தால் அது பின்னால், மெதுவாக வரும்.

இதையெல்லாம் சொன்னேன். அவனுக்குக் கணக்கு புரிந்தது. அவன் கேட்டது கணக்கு இல்லை.

எனக்கு முதலில் தோன்றியது, ஸ்கோர் முட்டாள்தனமானது என்றுதான். ஒரு வாரம் கழித்து அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணம் வள்ளுவர். வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே அவர் ஒரு கறாரான வேலை செய்கிறார்: கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்குகிறவனுக்குத்தான் அடக்கம் என்ற பெயரைத் தருகிறார். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிடுகிறார். மேனேஜரிடம் கோபப்படாதது அடக்கம் இல்லை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கோபப்படாததுதான் அடக்கம். ஸ்கோர் செய்வதும் ஏறக்குறைய இதே. நான்கு லட்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தொடாமல் இருக்கிறவனை அது மதிக்கிறது. கார்டையே மூடியவனிடம் ‘நீ தொடவில்லை என்பதற்கு இப்போது என்ன சாட்சி?’ என்று கேட்கிறது. கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் அடக்கத்தில் இன்னொரு வகையும் இருக்கிறது. நம் வீடுகளில் தெரிந்த வகை. சர்க்கரை வியாதி வந்தவர் மைசூர்பாகை டப்பாவில் வைத்துக்கொண்டு மனவலிமை பழகுவதில்லை. வாங்காதே என்று வீட்டில் சொல்லிவிடுகிறார். குடியை விட்டவர் அந்தக் கடை இருக்கும் தெருவை விட்டு அடுத்த தெரு வழியே நடக்கிறார். இவர்களைப் பலவீனமானவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. தன்னை அறிந்தவர்கள் என்கிறோம். இரவு பதினொன்றரை மணியின் தன்னை என் நண்பன் அறிந்திருந்தான். அந்த அறிவுதான் அவன் வாழ்க்கையில் அவன் செய்த மிக நேர்மையான நிதி முடிவு. ஸ்கோரில் அதற்குக் கட்டம் கிடையாது. கார்டை மூடினான் என்பது தெரியும், ஏன் மூடினான் என்பது தெரியாது. லாக்கில் எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் தொழிலில் ஒரு வசதியான நம்பிக்கை. சர்வருக்குப் பரவாயில்லை, மனிதனுக்கு ஆகாது.

சரி, காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டுமே என்றால், அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1837-ல் அமெரிக்காவில் வந்த பொருளாதார நெருக்கடியில் நியூயார்க் பட்டு வணிகர்களான டாப்பன் சகோதரர்களின் கடை நொடித்தது. சகோதரர்களில் ஒருவரான லூயிஸ் டாப்பன் 1841-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஊர் ஊராக ஆள் வைத்து, எந்த வணிகரை நம்பிச் சரக்கு கொடுக்கலாம் என்று தகவல் சேகரித்துப் பேரேடுகளில் எழுதினார்கள். டாப்பன் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேரேடுகளில் என்ன ஏறியது? இவர் குடிப்பார், அவர் குடும்பம் சரியில்லை, இன்னொருவர் யூதர், ஆகவே கவனம். காரணமும் குணமும் கேட்டு எழுதப் போனால் எழுதுகிறவனின் குணமும் சேர்ந்தே ஏறுகிறது. 1956-ல் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் எண்ணை வைத்து இதைச் செய்யக் கிளம்பியதில், இதிலிருந்து ஒரு விடுதலையும் இருந்தது. 1974-ல் சட்டம் வரும்வரை அங்கே ஒரு பெண்ணுக்கு, அவள் பெண் என்பதற்காகவே கடன் மறுக்க முடிந்தது.

நம் பக்கம் வந்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஜாமீன் கையெழுத்துக்கு யார் யாரிடம் போக முடியும், போனால் திண்ணையில் உட்காரச் சொல்வார்களா, வாசலிலேயே நிறுத்துவார்களா என்பதையெல்லாம் எது தீர்மானித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. சிபில் எண் உங்கள் சாதியைக் கேட்பதில்லை. அதற்காகவே அதை நான் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன். பழைய காலத்தில் வாய்ச்சொல்லை நம்பிக் கடன் கொடுத்தார்கள் என்று உருகுகிறவர்கள், யாருடைய வாய்ச்சொல் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் எங்கேதான் உறுத்துகிறது? தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். சில்லறையும் நாணயம், சொன்ன தேதியில் திருப்பித் தருகிறவரும் நாணயமானவர். அதனால்தான் ஸ்கோர் 900-க்கு எத்தனை என்று வரும்போது நமக்கு அது ஏதோ பரீட்சை மார்க் மாதிரி, நாணயத்துக்கே போட்ட மார்க் மாதிரி கேட்கிறது. ஸ்கோர் அப்படி எதுவும் சொல்லவில்லை. உங்களைப் போன்ற அறிக்கை உள்ள ஆயிரம் பேரில் எத்தனை பேர் தவணை தவறுவார்கள் என்று கடன் கொடுப்பவருக்கு அது ஓர் ஊகம் சொல்கிறது. ‘உங்களைப் போன்றவர்கள்’ என்று அது சொல்வதை ‘நீ’ என்று கேட்டுக்கொள்வது நாம். நண்பன் போனில் கொதித்தது முப்பது புள்ளிகளுக்காக இல்லை. தான் திருந்தியதை ஒருவர் நம்ப மறுத்துவிட்டதாக அவனுக்குப் பட்டது.

என் அம்மா முப்பது வருடமாகத் தெருச் சீட்டு கட்டுகிறார். ஒரு மாதம் தவறியதில்லை; சீட்டை முதலிலேயே எடுத்துவிட்டுக் கடைசிவரை கட்டிய வருடங்களும் உண்டு. அண்ணாச்சி கடை நோட்டில் அம்மா பக்கத்தில் எப்போதும் அடித்த கோடுதான். சிபிலைப் பொறுத்தவரை அம்மாவுக்கு வரலாறே இல்லை. வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது நல்ல காரியம். ஆனால் “உன்னப் பத்தி எங்களுக்கு எதுவும் தெரியல” என்று மெஷின் சொல்வது எனக்குக் கோபம் தரவில்லை. உண்மையைத்தான் சொல்கிறது. அம்மாவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

என்னிடமும் தொடாத கார்டு ஒன்று இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் தொடாவிட்டால் வங்கியே தகவல் அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் மூடிவிட வேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. அப்படித் தகவல் வந்தபோது “இப்போ மூட வேண்டாம்ப்பா, வீட்டு லோன் போடப்போறோம்ல” என்றாள் மனைவி. 50 லட்சம், 20 வருடம், எட்டரை சதவீதத்துக்குப் பதில் எட்டேமுக்கால் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 795 ரூபாய் கூடும். மொத்தத்தில் 1,90,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு. அதில் மாதம் ஒரு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருக்கிறேன். வானிலை அறிக்கை பார்த்துக் குடை எடுப்பதில் என்ன கொள்கைப் பிரச்சினை? ஆனால் இதை நண்பனுக்கு அறிவுரையாகச் சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் 80 சதவீத கோடுக்கு டெஸ்ட் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தபோது, எதையும் சோதிக்காத டெஸ்டுகளை எழுதி எண்பதைத் தொட்ட டீம்களைப் பார்த்திருக்கிறேன். எண் பச்சையாக இருந்தது, புரோகிராம் விழுந்தது. 780-ஐக் காப்பாற்ற மூன்று கார்டுகளையும் வைத்துக்கொண்டு, இன்னொரு நள்ளிரவில் அவன் விழுந்தால் அதற்கு எந்த எண் ஈடு?

அவன் கோபத்தில் மூன்றாவதையும் மூடிவிட்டான். மூடச் சொன்ன ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்ற விதியெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எட்டு மாதம் கார்டே இல்லாமல் இருந்தான். அவனுக்கும் ஒருநாள் வீட்டுக் கடன் தேவைப்படும் என்று சொன்னது அவன் மனைவிதான். ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தருகிற கார்டு ஒன்று இருக்கிறது. நம் பணத்தை அவர்களிடம் வைத்துவிட்டு அதற்குள்ளேயே கடன் வாங்கிக்கொள்ளலாம். 25,000 போட்டு அதை எடுத்தான். லிமிட் 20,000. பெட்ரோல் மட்டும் போடுகிறான், மாதம் நாலாயிரத்துக்குள். கார்டு எண்ணை போனில் சேமிக்கவில்லை. கார்டு வண்டியின் டேஷ்போர்டில் கிடக்கிறது. வண்டிச் சாவி இரவில் அவன் மனைவியிடம்.