வேண்டாம் என்று சொன்ன பிறகு

திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று கணக்குப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருப்பதால், இந்தக் காட்சிக்கு வேறெந்த மாநிலத்தையும்விட நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஏன் பெண்களைச் சூப்பர்வைசராகப் போடுவதில்லை என்று நிர்வாகத்தைக் கேட்டால், "கேட்டுப் பார்த்தோம், அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். பல இடங்களில் இது பொய்யல்ல. பொய்யாக இருந்தால் கண்டித்துவிட்டுப் போய்விடலாம். உண்மையாகவே கேட்டு, உண்மையாகவே மறுக்கப்பட்ட பிறகு, முதலாளியின் பொறுப்பு அத்தோடு தீர்ந்துவிடுகிறதா என்பதுதான் கடினமான கேள்வி.

மறுக்கப்பட்ட பதவி எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். ஷிப்டு முடிந்ததும் கம்பெனி வேன் கிளம்பிவிடும். டெய்லர்கள் அதில் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். சூப்பர்வைசர் போக முடியாது. அன்றைய உற்பத்திக் கணக்கை எழுதி ஒப்படைக்க வேண்டும், நாளைக்குத் தைக்க வேண்டிய கட்டிங் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு எத்தனை மணியானாலும் நிற்க வேண்டும். பைக்கில் வரும் ஆணுக்கு வேன் போய்விட்டது ஒரு பொருட்டே அல்ல. டெய்லராக இருக்கும்வரை கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மேற்பார்வைக்கு ஏறினால் பல கம்பெனிகளில் அவர் 'ஸ்டாஃப்' ஆகிவிடுவார். மாதச் சம்பளம் உண்டு, ஓ.டி. கிடையாது. பகல் முழுக்கச் செய்ய வேண்டிய வேலையோ, மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிய டார்கெட்டை எட்டுவதற்காக, நேற்றுவரை பக்கத்து எந்திரத்தில் இருந்தவளைச் சத்தம் போட்டு விரட்டுவது. சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளையும், இருட்டிய பிறகு ஏன் தாமதம் என்று கேட்கும் வீடும் உள்ள ஒரு பெண் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து வேண்டாம் என்கிறாள். இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் படித்த பெண்களை வைத்து இதற்கு நெருக்கமான ஒன்றைத்தான் காட்டினார். ஒரே பட்டம், ஒரே தொழில் என்று தொடங்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வருமான இடைவெளி பெரிதாவது முதல் குழந்தை பிறந்த பிறகு. எந்த நேரம் கூப்பிட்டாலும் வரத் தயாராக இருப்பவருக்கே அளவுக்கு மிஞ்சிய சம்பளமும் உயர்வும் தரும்படி வேலைகள் அமைந்திருப்பது அதற்கு முக்கியக் காரணம். நியூயார்க் வழக்கறிஞர் அலுவலகமும் அவிநாசிச் சாலை பனியன் கம்பெனியும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன.

ஆகவே மறுப்பை அவளுடைய விருப்பம் என்று மட்டும் பதிவு செய்துகொள்வது நேர்மையல்ல. எதை ஏற்கவோ மறுக்கவோ சொன்னார்களோ, அதை வகுத்தவரே அதை நீட்டியவரும். வேன் கிளம்பும் நேரம், ஓ.டி. விதி, லைனில் சத்தம் போடும் வழக்கம் என எல்லாம் அவர் முடிவு செய்தவை, அல்லது முடிவு செய்யாமல் விட்டவை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. கணவனின் சந்தேகத்தையும் மாமியாரின் முணுமுணுப்பையும், ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சையும் ஒரு கம்பெனி எப்படி மாற்றும்? சட்டைக்கு ஆர்டர் எடுத்தவர் சமூகச் சீர்திருத்தத்துக்கும் பொறுப்பேற்க வேண்டுமா? அதுவுமல்லாமல், உயர்வு வேண்டாம், என் வேலையைச் செய்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போகிறேன் என்று மனதாரச் சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்துத் தள்ளி மேலே ஏற்றுவது மரியாதைக் குறைவு. எண்ணிக்கை காட்டுவதற்காக, தயார் செய்யாமல் ஒருத்தியை உட்கார்த்திவைத்து, அவள் தடுமாறியதும் பெண்களுக்கு இது ஒத்துவராது என்று எல்லார் மேலும் தீர்ப்பெழுதுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஊர்ப் பேச்சுக்கு முதலாளி கடன்பட்டவர் அல்ல என்பதை ஒப்புக்கொள்ளலாம். வேன் நேரத்துக்கு அவர் கடன்பட்டவர். சூப்பர்வைசருக்காக இன்னொரு நடை வண்டி விடுவதும், உயர்வு பெற்றவரின் கைக்கு வரும் பணம் குறையாமல் பார்த்துக்கொள்வதும், கத்தாமல் லைனை நடத்தக் கற்றுக்கொடுப்பதும் அவர் கையில் இருப்பவை. இவற்றைச் செய்த பிறகு கேட்டு, அப்போதும் அவள் வேண்டாம் என்றால், அந்த மறுப்பைத் தலைவணங்கி ஏற்கலாம். அதற்கு முன் கேட்டது கேட்டதாகக் கணக்கில் வராது.

ஏற்றுக்கொண்ட பெண்களுக்கு என்ன நடக்கிறது என்பதும் இதே அளவு முக்கியம். வங்கதேச ஆடை ஆலைகளில் பொருளியலாளர்கள் ராக்கோ மக்கியவெல்லோ, கிறிஸ்டபர் வுட்ரஃப் முதலியோர், தையல் வேலையில் இருந்த பெண்களையும் ஆண்களையும் ஒன்றாகப் பயிற்றுவித்து லைன் பொறுப்பில் அமர்த்திப் பார்த்தார்கள். திறன் சோதனைகளில் பெண்கள் பின்தங்கவில்லை. ஆனாலும் அவர்களின் கீழ் வேலை பார்த்தவர்கள் தொடக்கத்தில் அவர்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். சில மாதங்கள் போனதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அப்படியானால் அந்த முதல் சில மாதங்கள்தான் மேலாளரின் நேர்மைக்குச் சோதனை. லைனில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கும் நாளில் புதிய சூப்பர்வைசரின் பக்கம் நிற்கிறாரா, அவசரப்பட்டு அவளைப் பழைய எந்திரத்துக்கே அனுப்புகிறாரா? இரண்டாவதைச் செய்பவர் தகுதி பார்த்து முடிவெடுத்ததாகச் சொல்வார். அவர் உண்மையில் பார்த்தது, அவளைப் பற்றி மற்றவர்களுக்கு இருந்த சந்தேகத்தை.

பெண்களை உயர்த்தினால் லாபம் கூடும் என்ற வாதம் இப்போது கருத்தரங்குகளில் அதிகம் கேட்கிறது. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அதன்மேல் அறத்தைக் கட்ட முடியாது. லாபம் கூடுவதால் உயர்த்தினால், லாபம் குறையும் காலாண்டில் இறக்கிவிடலாம் என்றாகிவிடும். ஆண் மேலாளர்களிடம், ஆண்களை வைத்தால் லாபம் என்று நிரூபியுங்கள் என யாரும் கேட்பதில்லை. உழைத்தவருக்கு உயர வழி இருக்க வேண்டும் என்பதற்கு நியாயம் ஒன்றே போதுமான காரணம்.

மேல்தட்டில் சட்டம் ஓரளவு நுழைந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்றது. கெடு நெருங்கியபோது பல குடும்ப நிறுவனங்கள் மனைவியையும் மகளையும் கொண்டுவந்து அமர்த்தின. பின்னர் பெரிய நிறுவனங்களில் அந்தப் பெண் சார்பற்ற இயக்குநராகவும் இருக்க வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதியை இறுக்க வேண்டியிருந்தது. சட்டம் கேட்ட இடத்தில் மகள் என்ற உறவே போதுமான தகுதியாக இருந்தது. சட்டம் கேட்காத இடத்தில் நடந்ததைச் சென்னையே பார்த்தது. முருகப்பா குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில், மறைந்த எம்.வி. முருகப்பனின் மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் இயக்குநர் இடம் கேட்டார். அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 2020-இல் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. 2023-இல் குடும்பத்துக்குள் உடன்பாடு ஏற்பட்டு அந்தப் பிணக்கு முடிந்தது. பங்கும் படிப்பும் பெயரும் உள்ள ஒருவரே கேட்டுக் காத்திருக்க நேர்ந்தால், கேட்கவே வழியில்லாத தையல்காரப் பெண்ணின் இடம் என்ன என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

உயர்வு என்பது சம்பளத்தோடும் கௌரவத்தோடும் நின்றுவிடும் விஷயமும் அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளகப் புகார்க் குழுவுக்கு அங்கே மூத்த நிலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் தலைமை ஏற்க வேண்டும். அங்கே அப்படி ஒருவர் இல்லையென்றால், அதே முதலாளியின் வேறு அலுவலகத்திலிருந்தோ பணியிடத்திலிருந்தோ ஒருவரை நியமிக்கச் சொல்கிறது சட்டம். மேலே பெண்ணே இல்லாத ஆலையில் அந்த நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆள் தேடுகிறார்கள், அல்லது எதையும் முடிவு செய்ய அதிகாரமில்லாத ஒருவரை உட்காரவைக்கிறார்கள். 2021-இல் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடை ஆலைப் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அதன் பிறகு தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தால் 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகமும் வெளிநாட்டுப் பிராண்டும் அதற்குக் கட்டுப்பட்டன. லைனில் நடப்பதைக் கவனித்து முறையிடத் தொழிலாளர்களையே பயிற்றுவித்து நிறுத்துவது அதன் முக்கியப் பகுதி. நிர்வாகம் தானாகத் தர வேண்டிய அதிகாரத்தில் ஒரு சிறு பங்கு, ஓர் உயிர் போன பிறகு ஒப்பந்தம் போட்டு வாங்கப்பட்டது.

இன்னும் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடம் லைனில் நின்று, அடுத்தது தன் முறை என்று காத்திருக்கும் ஆண் சூப்பர்வைசர் அவர். பெண்களுக்காக வழி திறக்கும்போது தன் வழி அடைபடுகிறது என்ற அவருடைய மனக்குறையைப் பிற்போக்கு என்று தள்ளிவிடக் கூடாது. உழைப்பை நம்பிக் காத்திருந்தவரின் குறை அது. அவருக்குத் தனிச் சலுகை தர வேண்டியதில்லை. விதியை முன்கூட்டியே அறியும் உரிமை அவருக்கு உண்டு. எந்தத் திறனுக்கு எத்தனை மதிப்பு, எந்தப் பதவி எப்போது காலியாகும், யார் யார் விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, ஆணும் பெண்ணும் படிக்கும்படி நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இன்று பல ஆலைகளில் உயர்வு முடிவாவது மேனேஜரின் அறைக்குள், யாரோ ஒருவரின் சிபாரிசில். அந்த முறை இந்த ஆணையும் எத்தனையோ தடவை ஏமாற்றியிருக்கிறது.