தொட்டறிந்த பொய்

வேதாந்திகள் மயக்கத்துக்கு எடுத்தாண்ட திருஷ்டாந்தங்களை நினைத்துப் பார்த்தால், கயிற்றில் தோன்றும் அரவாகட்டும், கிளிஞ்சலில் மின்னும் வெள்ளியாகட்டும், பாலையில் அலையும் கானல்நீராகட்டும், யாவும் கண் இழைத்த குற்றங்களே என்பதும், அக்குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் கிட்டப்போய்த் தொட்டுப் பார்க்கும் கைக்கே பெரும்பாலும் விடப்பட்டிருக்கிறது என்பதும் புலப்படும். பிறவியிலேயே கண்ணொளி அற்றவருக்கு இவற்றால் விளங்குவது சொற்பம்.

அந்தக் கையையே பொய்ச்சாட்சி சொல்ல வைக்கும் கருவி ஒன்றை, பார்வையற்றோர் கணினி கற்பித்த வெளியில் கோல்கொண்டு நடந்து பழகுவதற்கென, கேன்ட்ரோலர் என்ற பெயரில், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தாரும் உடன் உழைத்தோரும் 2018-இல் உலகுக்குக் காட்டினார்கள். 1944-இல் அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில், போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த நீண்ட கோல் வீச்சு மெய்யான தரையில் பழகியது; இங்கோ, கணினி கற்பித்த சுவரில் கோல் படவேண்டிய கணத்தில், உடலில் அணிந்த தடைப்பொறி கோலைப் பிடித்து நிறுத்த, பரப்பின் தன்மைக்கேற்பக் கைப்பிடி அதிர, தட்டிய ஓசை தட்டிய திசையிலிருந்தே செவியில் விழுகிறது. ஒரு விஷயம்: பொறி நிறுத்துவது கோலை மட்டுமே. பயில்பவர் இல்லாத சுவரை ஊடுருவி நடந்துபோனால் தடுப்பார் யாருமில்லை; ஆயினும் அவர் நிற்கிறார். கனவில் புலியைக் கண்டவன் நம்பியதால் ஓடுகிறான். இவரோ நம்பாமலே அடங்கி நடக்கிறார்.

பொய்யான சாதனத்தால் மெய்யான ஞானம் எங்ஙனம் கிட்டும் என்ற ஆட்சேபத்தைச் சங்கரர், பிரம்மசூத்திர பாஷ்யத்தில் (2.1.14) எதிர்கொண்டு, விஷம் ஏறியதோ என்ற சந்தேகமே மனிதரைக் கொல்வதுண்டு என்றும், ஏட்டிலுள்ள கோடுகள் எழுத்தொலிகள் அல்லவாயினும் அவற்றைக் கொண்டே மெய்யான அகரத்தை அறிகிறோம் என்றும் விடையிறுக்கிறார். கோட்டின் உவமை இக்கருவிக்கு அப்படியே பொருந்துகிறது; கற்பித அறையில் பழகிய மணிக்கட்டு கல்லும் சுண்ணாம்புமான அறையிலும் அதே வீச்சை வீசும். ஆனால் இதே கருவியால் சாலையைக் கடக்கும் பயிற்சிக்கு வரும்போது எனக்குத் தயக்கம் உண்டாகிறது. மோதாது என்று தெரிந்த காருக்காக நடைபாதை விளிம்பில் நிற்கும் கால் வேறு, மோதி விடக்கூடும் என்று நிற்கும் கால் வேறு. முன்னதற்கு முறை தெரியும், பின்னதற்குத்தான் பயம் தெரியும். பாஷ்யகாரரின் முதல் உதாரணம் இங்கே கருவிக்குத் துணை வருவதாகத் தோன்றவில்லை: சந்தேகத்தால் மாண்டவன், விஷம் இருக்கக்கூடும் என்று எண்ணியதால் அல்லவோ மாண்டான்!