பக்கம் சேர்வதும் துணை நிற்பதும்

திருமணம் இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் உடன்பாடு. ஆகவே அது முறியவும் கூடும். பெற்றோராக இருப்பதோ உடன்பாட்டால் வந்ததன்று. அதை முறிக்க எவராலும் இயலாது. மணமுறிவு என்னும் சொல்லே முறிவது எது என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது. இவ்வுண்மையை ஏட்டளவில் ஏற்றுக்கொள்வது எளிது. ஆனால், பிரிவு பெரும்பகையாக முற்றிவிட்ட ஒரு குடும்பத்தில், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு நாம் செய்ய வேண்டிய உதவி யாது என்ற கேள்வி எழும்போது, நம்மில் பலர் அதனை மறந்துவிடுகிறோம்.

அத்தகைய தாயைக் கண்டதும் உடன்பிறந்தோரும் தோழியரும் அண்டை வீட்டாரும் அவள் பக்கம் சேர்ந்துவிடுகின்றனர். “அவனைச் சும்மா விடாதே”, “பிள்ளையை அவன் கண்ணிலேயே காட்டாதே” என்று அறிவுரை கூறுகின்றனர். அவ்வுரையில் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும், அந்த அன்பு அவளுடைய சுமையைக் குறைக்கிறதா, அன்றி அவளுடைய சினத்திற்கு விறகு இடுகிறதா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவளுக்குத் துணை நிற்பது ஓர் அறம். அவளுடைய பகையைப் பங்கிட்டுக்கொள்வது அந்த அறத்தைச் சேர்ந்ததுதானா?

தமிழ் பயிற்றும் நமக்கு இங்கே கண்ணகி நினைவுக்கு வருவது இயல்பு. நீதி தவறிய மன்னனை வென்று, மதுரையை எரித்தவள் அவள். அவளுக்கு மகவு இருந்ததாகக் காப்பியம் கூறவில்லை. எரியும் ஊருக்குள் அவளுடைய குழந்தை இல்லை. எனினும், யாரை விட்டுவிட வேண்டும் என்று தீக்கடவுள் வினவியபோது, அவள் விலக்கச் சொன்னவர்களுள் முதியோரும் குழந்தைகளும் இருந்தனர் என்பதை இளங்கோவடிகள் மறவாது பாடுகிறார். உலகம் கண்ட பெருஞ்சினங்களுள் ஒன்றான அச்சினமும் குழந்தைகளுக்கு முன்னே நின்றுவிட்டது. நம் காலத்துத் தாயின் நிலையோ இன்னும் கடினமானது. அவள் சினத்தால் எரிய வேண்டிய ஊரில் அவளுடைய பிள்ளையே குடியிருக்கிறது; வாரத்தில் சில நாள் இங்கே, சில நாள் அங்கே.

சிங்கப்பூரில் சட்டம் இவ்வுண்மையை நோக்கிப் படிப்படியாக நடந்து வந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாதர் சாசனம், பிள்ளைகளைப் பேணுவதில் கணவனும் மனைவியும் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்று கூறுகிறது. முஸ்லிம்களின் மணமுறிவை ஷரியா நீதிமன்றம் கவனிக்கிறது. 2005ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, பிள்ளை யாருடன் வசிப்பது என்பதையும், கல்வி, மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை யார் எடுப்பது என்பதையும் வேறுபடுத்திக் காட்டியது. அன்றாடப் பராமரிப்பு ஒருவரிடம் இருந்தாலும், பெரிய முடிவுகளில் இருவருக்கும் பொறுப்பு உண்டு என்பதே அதன் சாரம். 2014இல் குடும்ப நீதிமன்றங்கள் தனி அமைப்பாக உருப்பெற்றன. 2024 ஜூலை 1 முதல், ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டாமல், இருவரும் உடன்பட்டு மணமுறிவு கோரவும் வழி ஏற்பட்டுள்ளது. யார் குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமலே ஒரு மணத்தை முடித்து வைக்கலாம் என்பதைச் சட்டம் கற்றுக்கொண்டது. சுற்றத்தாராகிய நாம் அதைக் கற்றுக்கொண்டோமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். “அவன் செய்த தீங்கை மறைத்து, அவனை நல்லவன் என்று பிள்ளையிடம் சொல்லச் சொல்கிறீர்களா? அது பொய்யல்லவா?” என்று ஒரு தாய் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், உண்மை வேறு, தீர்ப்பு வேறு. “அப்பாவும் நானும் இனி ஒரே வீட்டில் இருக்க மாட்டோம், இது உன்னால் வந்ததன்று” என்பது உண்மை. “உன் அப்பா உன்னை வேண்டாம் என்று போய்விட்டார்” என்பது தீர்ப்பு. முதலாவதைக் கேட்ட பிள்ளை வருந்தும், ஆனால் தாங்கிக்கொள்ளும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை, தன்னில் பாதி கெட்டது என்று எண்ணத் தொடங்கும். வளர்ந்த பின் தந்தையைப் பற்றிய தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை அப்பிள்ளைக்கு உண்டு. அவ்வுரிமையைக் காப்பது தந்தைக்குச் செய்யும் சலுகையன்று. பிள்ளைக்குச் செய்யும் நீதி.

அதேபோல், பொறுமை என்னும் பெயரால் தாயை அடிக்கும் கைக்கு முன்னே நிறுத்துவதும் அறமாகாது. வன்முறை உள்ள இடத்தில் பாதுகாப்பே முதற்கடமை. தனிநபர் பாதுகாப்பு ஆணை கோரவும், தேவையானால் தந்தை பிள்ளையைச் சந்திப்பது பிறர் மேற்பார்வையில் நடக்கவும் நீதிமன்றத்தில் வழி உண்டு. “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்” என்று அங்கே உரைப்பவர், பிள்ளைகளையும் அந்த அச்சத்திற்குள் இருத்துகிறார்.

அப்படியானால் துணை நிற்பது எவ்வாறு? பெரும்பாலும் அது சிறு செயல்களாலேயே ஆவது. வழக்கறிஞரைக் காணச் செல்லும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு துணை. வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திற்கு உடன் செல்வது ஒரு துணை. நள்ளிரவில் வந்த வசைச் செய்திக்கு அன்றிரவே அவள் மறுமொழி எழுதாதபடி அருகில் இருப்பதும், மறுநாள் நேரம், இடம், பிள்ளையின் தேவை ஆகியவற்றை மட்டும் குறித்து இரண்டு வரி எழுத உதவுவதும் பெருந்துணை. பராமரிப்புத் தொகை வரவில்லையெனில், பிள்ளையைத் தந்தையிடம் அனுப்பாமல் பழி தீர்க்கச் சொல்வோர் பலர். தொகை வேறு, சந்திப்பு வேறு. நிலுவையை வசூலிக்க நீதிமன்றத்தில் தனி விண்ணப்பம் உண்டு. அதனை நிரப்பித் தருகின்றவரே அவளுக்கு உண்மையான உறவினர். பிள்ளையைப் பிணைப்பொருளாக்கச் சொல்பவர் அவளை நீதிமன்ற ஆணையை மீறுபவளாக்கி, அவள் பக்கத்து நியாயத்தையே மெலியச் செய்கிறார்.

ஆசிரியர்க்கு இதில் தனிப் பங்கு உண்டு. தமிழ் வகுப்பில் “என் குடும்பம்” என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லாத ஆண்டு உண்டா? இரண்டு வீடுகளில் வாழும் மாணவன் அந்தத் தாளின்முன் எழுதுகோலை வைத்துவிட்டு அமர்ந்திருப்பான். “நீ அன்பு கொண்டவர்கள் யாவரும் உன் குடும்பம், எந்த வீட்டைப் பற்றி வேண்டுமானாலும் எழுது” என்று ஒரு சொல் சொன்னால் அவனுக்குப் போதும். தந்தைக்கு உரிய செய்தியைத் தாயிடம் சொல்லும்படி பிள்ளையையே தூதனுப்பாமல், நீதிமன்ற ஆணை தடுக்காத வரையில், பள்ளியே இருவருக்கும் நேரே அறிவிப்பது நலம். பெற்றோர் சந்திப்பு நாளில் ஒருவரைப் பற்றி மற்றவர் கூறும் குறைகளுக்குத் தலையசைக்காமல், பிள்ளையின் படிப்பைப் பற்றியே பேசுவதும் ஆசிரியரின் கடமையாகும்.

மாணவர்களே! உங்கள் தோழி ஒருத்தி இத்தகைய வீட்டிலிருந்து வந்தால், அவளிடம் யார் பக்கம் நியாயம் என்று கேளாதீர். அக்கேள்வியை அவள் இரண்டு வீடுகளிலும் கேட்டுக் களைத்திருப்பாள். அவளைப் பள்ளிப்பாடம் எழுதவும் பந்து விளையாடவும் அழையுங்கள். பெரியோராகிய நாமும் அவளுடைய தாயிடம், “அவன் என்ன செய்தான்?” என்று வினவுவதற்கு முன், “இந்த வாரம் உனக்கு என்ன வேண்டும், அம்மா?” என்று வினவப் பழகுவோமாக.