பொய்க் குதிரையும் மெய் ஓவியமும்

கணிப்பொறியோடு இணைத்த சிறியதொரு விசைப்பலகையை வீட்டு மூலையில் வைத்துக்கொண்டு, ஒன்பதடி நீளப் பெரும் பியானோவின் ஒலியைப் பதிவு செய்வோர் இன்று பலர். கண்ணை மூடிக் கேட்பவர், அரங்கமொன்றில் அமர்ந்திருப்பதாகவே எண்ணுவார். இல்லாத பியானோவை இருப்பதுபோல் ஒலிக்கச் செய்வது பொய்யாகுமா? இது சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்றே எனக்கும் முதலில் தோன்றியது.

அவ்வொலி பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். மெய்யான பெரும் பியானோவில் 88 கட்டைகள், ஏறத்தாழ 230 தந்திகள். அவற்றின் மொத்த இழுவிசை சுமார் 20 டன். அதைத் தாங்கவே உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். கட்டையை அழுத்தினால், கம்பளி போர்த்த சுத்தியல் தந்தியைத் தட்டும். ஒலித்தொகுப்பு செய்வோர் ஒவ்வொரு கட்டையையும் மென்மையாகவும் வன்மையாகவும் பல நிலைகளில் தட்டித் தனித்தனியே பதிவு செய்கின்றனர். நம் விரலின் வேகத்தை விசைப்பலகை 1 முதல் 127 வரையுள்ள எண்ணாக அளந்து சொல்ல, அதற்குரிய பதிவு ஒலிக்கிறது.

இவ்வளவு செய்தும் அதில் உயிரில்லை. பியானோவில் எந்தச் சுரமும் தனித்து ஒலிப்பதில்லை. வலப்புற மிதியை அழுத்தினால், தட்டப்படாத தந்திகளும் தட்டப்பட்டதற்கு இசைந்து அதிரும். அந்த அதிர்வையும் சேர்த்தனர். பின்பு மிதியின் முனகலையும், கட்டை மேலெழும் சத்தத்தையும், தந்தியை அடக்கும் கம்பளி வந்து விழும் மெல்லொலியையும் சேர்த்தனர். பியானோ செய்வோர் தலைமுறை தலைமுறையாகக் குறைக்கப் பாடுபட்ட இரைச்சலை இவர்கள் தேடிப்பிடித்துச் சேர்க்கின்றனர்!

இன்னொன்றும் செய்கின்றனர். சுரங்கள் யாவும் துல்லியமான காலத்தில் விழுந்தால் இயந்திரம் என்பது தெரிந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு சுரத்தையும் இம்மியளவு முன்னும் பின்னும் தள்ளி, மனிதனின் பிசகைப் போலாக்க மென்பொருளில் வழியுண்டு. இதுதான் என்னை உறுத்துகிறது. கலைஞன் ஒரு சுரத்தைத் தாமதித்தால் அதற்குக் காரணம் உண்டு: அவனது மூச்சு, அவனது தயக்கம், அடுத்த சுரத்தின்மேல் அவன் கொண்ட ஆசை. சீட்டுக் குலுக்கிப் போட்ட தாமதத்தின் பின்னே எவருமில்லை.

புனித அகுஸ்தினார், திருமுழுக்குப் பெறுவதற்குச் சற்று முன்பு, 386-387-ல், தம் அறிவோடு தாமே உரையாடுவதாக ஒரு நூல் எழுதினார். பொய்யான குதிரையாக இல்லாவிட்டால் வரைந்த குதிரை மெய்யான ஓவியமாகாது என்னும் கருத்தை அதில் ஆராய்கிறார். நம்மூர்ப் பொய்க்கால் குதிரை தன் பொய்யைப் பெயரிலேயே சூடிக்கொண்டு ஆடுகிறது. பார்ப்பவர் எவரும் ஏமாறுவதில்லை. பொய்யின் குற்றம் ஏமாற்றக் கருதும் மனத்தில் உள்ளது என்பது, பிற்பாடு பொய்மை பற்றி அவர் எழுதிய நூலின் தெளிவு. இந்த அளவுகோலால் அளந்தால் வீட்டுப் பியானோ குற்றமற்றது. பெரும் பியானோவை வாங்க இயலாத மாணவனுக்கு அது கொடையுங்கூட.

ஆனால் அதே அளவுகோல் வேறோரிடத்தில் கடுமையாகத் தீர்ப்பிடும். ஆங்கிலப் பியானோ கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோ 2006-ல் காலமானார். முதுமையிலும் நோயிலும் அவர் வாசித்தவை என வெளிவந்த நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளை விமர்சகர்கள் வியந்து போற்றியிருந்தனர். 2007-ல் ஒருவர் அவற்றிலொன்றைக் கணிப்பொறியில் இட்டபோது, அது வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது. ஆராய்ந்ததில், பல தகடுகள் பிறருடைய பதிவுகளின் நகல்கள் எனத் தெரிந்தது. அவற்றை வெளியிட்ட கணவரும் ஒப்புக்கொண்டார். அங்கே ஒலித்தது மெய்யான பியானோ; வாசித்தவை மெய்யான விரல்கள். அட்டையில் அச்சிட்ட பெயர்தான் பொய்.

திருச்சபையின் பழைய அறிவுரையொன்றில் இதே பகுத்தறிவைக் காண்கிறேன். (1903-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவையே தடை செய்தார் என்பது வேறு கதை.) 1958-ல் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு இசை அறிவுரை, குழல் ஆர்கன் வாங்க வசதியில்லாத இடங்களில் மின்னணு ஆர்கனை ஆயரின் அனுமதியோடு பொறுத்துக்கொண்டது. ஆனால் தானே இயங்கும் ஆர்கனையும் ஒலிநாடாவையும் வழிபாட்டில் முற்றாக விலக்கியது. ஒலி போலியாயினும் வாசிக்க ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருளென்று கொள்கிறேன்.

இன்று நம் பாடகர் குழுக்களில், விசைப்பலகையிலுள்ள ஆயத்தத் தாளத்தை ஒரு பொத்தானால் ஓடவிட்டு, அதன்மேல் வலக்கையால் மெட்டை வாசிக்கிறோம். பாதி ஆள் வாசிக்க, பாதி தானே ஓடுகிறது. இதை எந்தப் பக்கத்தில் வைப்பதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.