நாட்டுப் பெருமையும் ஆராய்ச்சி மணியும்

தன் நாட்டை எண்ணி ஒருவன் பெருமிதங் கொள்ளுதல் சித்தாந்த சைவர்க்கு ஏற்புடைத்தோ என்னும் ஐயம் அன்பரிடையே அடிக்கடி எழுகின்றது. யான் எனதென்னுஞ் செருக்கை அறுத்தலே நம் நூல்களின் கருத்தாயிருக்க, 'என் நாடு' என்று மகிழ்தலும் அச்செருக்கின் ஒரு கிளையாகாதோ என்பர் சிலர். குறைகள் மலிந்துகிடக்கும் நாட்டைப் புகழ்தல் பொய்யுரையாகாதோ என்பர் வேறு சிலர். இவ்விரண்டையும் பொதுப்பட வைத்து ஆராய்தலினும் ஓரிடத்தின்மேல் வைத்து ஆராய்தல் தெளிவு பயக்குமாகலின், தொண்டைநாட்டில் இந்நாளில் யாவரும் கண்டு வியக்கும் ஒரு நிலப்பகுதியை ஈண்டு எடுத்துக்கொள்கின்றாம்.

திருப்பெரும்பூதூரும் ஒரகடமும், அவற்றையடுத்த இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் முதலிய ஊர்களுமே அப்பகுதி. இராமாநுசர் தோன்றிய ஊர் அங்குளது. முருகப்பெருமான் எழுந்தருளிய வல்லக்கோட்டையும் அதன் அயலிலே உளது. ஏரி நீரை நம்பி நெல் விளைத்த அந்நிலங்களில், 1971ஆம் ஆண்டு தோன்றிய சிப்காட் என்னும் அரசு நிறுவனம் தொழிற்பேட்டைகளை அமைத்தது. கொரியநாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டிகளை ஆக்கத் தொடங்கிற்று. 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும், 2007இல் சாம்சங் ஆலையும் வந்தன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கூட்டு ஆலையும், 2012இல் டெய்ம்லரின் பாரவண்டி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. உலகெங்கும் விலைபோகும் ஆப்பிள் கைப்பேசிகளைப் பாக்ஸ்கான் நிறுவனம் இங்கே பூட்டி அனுப்புகின்றது. ஏர்ப்பின் நடந்தாரின் மகள் மயிரிழையினும் நுண்ணிய உறுப்புக்களைப் பிழையறப் பொருத்துகின்றாள். அவள் தொட்ட பொருள் கடல் கடந்து முன்பின் அறியாதார் கையில் விளங்குகின்றது. இதனைக் கண்டு மகிழாதான் கல்நெஞ்சன் என்றே யாம் கூறுவோம்.

இனி, நூற்கொள்கையை நோக்குவாம். தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆன்மா தன் மலம் நீங்குதற்பொருட்டு இறைவனால் அளிக்கப்பட்டன என்பது நாம் அறிந்ததே. நாடு புவனத்துள் அடங்கும். அளித்தவனை மறந்து அளிக்கப்பட்ட பொருளைத் தன் ஆக்கமெனக் கருதுதல் செருக்கு. அளித்தவனை நினைந்து அப்பொருளின் நலத்தில் மகிழ்ந்து அதனைப் பேணுதல் நன்றியறிவின்பாற் படும். உடம்பும் அளிக்கப்பட்டதே, அதனை இகழ்ந்து பட்டினியாற் கெடுப்பவனை ஞானியென்று நாம் போற்றுவதில்லையே. ஆகவே முதல் ஐயம் எளிதில் தீரும்.

இரண்டாம் ஐயமே கடினமானது. அஃது அத்துணை விரைவில் விடுவதன்று.

குறைகளை மறையாது கூறுவாம். ஆயிரக்கணக்கானோர்க்கு ஊணளித்த நோக்கியா ஆலை, வரிவழக்கிற் சிக்கி, 2014 நவம்பர் முதல் நாளன்று மூடப்பட்டது. கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்த இளைஞர் நடுத்தெருவில் நின்றனர். 2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் தங்கியிருந்த பாக்ஸ்கான் ஆலை மகளிர் நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டார் கெட்ட உணவால் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் என்னவாயினர் என்றறியாத ஏனை மகளிர் இரவில் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். அவர்தம் உறையுளும் உணவிடமும் தாம் வகுத்த நெறிக்கு ஒத்தனவல்ல என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. அவ்வாலையில் மணமான மகளிர்க்கு வேலை மறுக்கப்படுகின்றதென 2024 சூன் மாதம் செய்தி எழ, நிறுவனம் அதனை மறுத்தது. ஒன்றிய அரசு அறிக்கை கேட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சாம்சங் தொழிலாளர் ஆயிரவருக்கு மேற்பட்டார் தம் சங்கத்துக்கு ஏற்பு வேண்டி வேலையை நிறுத்தி, முப்பத்தேழு நாள் சுங்குவார்சத்திரத்திற் காத்திருந்தனர்.

இவற்றைக் கேட்ட அளவில் இருவகையார் புறப்படுகின்றனர். 'இந்நாடு உருப்படாது' என்று உதறுவார் ஒருவகையார். 'இவற்றை வெளியிற் பேசுதல் நாட்டுக்கு இழுக்கு; முதலிடுவோர் அஞ்சி ஓடுவர்' என்று வாய்மூடச் சொல்வார் மற்றொருவகையார். செம்பிற் களிம்பு என்னும் நம் உவமையை இவர்கள் சிந்தித்திலர். களிம்பைக் கண்டு செம்பைக் குப்பையில் எறிபவன் முதல்வகையான். களிம்பும் செம்பின் பொலிவே என்பவன் இரண்டாமவன். துலக்குவோன் இருவரினும் வேறு.

இவ்விடத்தே சேக்கிழார் பெருமானை நினையாதிருத்தல் இயலாது. அவர் பிறந்த குன்றத்தூர் இத்தொழிற்பகுதிக்கு மிக அணித்து. அங்கிருந்து திருப்பெரும்பூதூர் செல்லும் வழியில் இன்று ஆலைப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தொண்டர் வரலாறு பாடப் புகுந்த அவர் திருநாட்டுச் சிறப்பும் திருநகரச் சிறப்பும் பாடியே உட்புகுந்தார். நாட்டைப் புகழ்தல் சைவர்க்குத் தகாதெனின் அவரன்றோ முதற்கண் தவறியவராவர்! ஆயின் திருவாரூர் நகரின் சிறப்பைக் கூறவந்தவர் அதன் பெரும்பகுதியை எதற்கு ஒதுக்கினர்? மாளிகை வரிசைக்கு அன்று. மனுநீதிச் சோழன் வரலாற்றுக்கு. அரசன் மகன் தேர்க்காலில் ஆன்கன்று அகப்பட்டு இறந்ததும், தாய்ப்பசு வாயிலில் வந்து மணியை அசைத்ததும் அந்நகரத்தில் நிகழ்ந்த குற்றமும் முறையீடுமேயாம். அவற்றை நகரத்தின் சிறப்பாகக் கூறியது எங்ஙனம் எனின், மணி கட்டப்பட்டிருந்தது, வாயற்ற பசுவுக்கும் அஃது எட்டும் உயரத்திலிருந்தது, அதன் ஒலி அரசன் செவியில் விழுந்தது, விழுந்தபின் அவன் அமைதியுறாது எழுந்தான் என்னும் இவையே சிறப்பென அவர் கொண்டார் என்க. அமைச்சரோ கழுவாய் ஒன்று செய்து முடிக்கலாம் என்று வழிகாட்டினர். அரசன் அதற்கு உடன்பட்டிலன். சேக்கிழார் தாமும் சோழனுக்கு அமைச்சராயிருந்தவர். அமைச்சரின் அவ்வுரையை மறையாது எழுதிய நேர்மை நம்மை மிகவும் வணங்கச் செய்கின்றது.

இம்முறை கொண்டு நோக்கின், சுங்குவார்சத்திரத்துப் பந்தல் நம் நாட்டுக்கு மானக்கேடாகாது. அது மணியோசை. 2024 அக்டோபர் 15ஆம் நாள் அமைச்சர் பேச்சால் வேலைநிறுத்தம் முடிந்ததும், 2025 சனவரியில் அச்சங்கம் பதிவுபெற்றதும் செவி முற்றும் அடைபடவில்லை என்பதற்குச் சான்றாம். அதற்கு அத்துணை நாள் கடந்ததும், இடையிற் காவலர் தொழிலாளரைப் பிடித்துச் சென்றதும் மணி இன்னும் எட்டாவுயரத்திலே தொங்குகின்றது என்பதற்குச் சான்றாம். இரண்டையும் ஒருசேரக் கூறுதலே உண்மை.

'உண்ண ஊண் தந்த ஆலையை எதிர்த்துக் குறைகூறுதல் நன்றிகேடன்றோ?' என்று வினவுவார்க்குத் திருவீழிமிழலையில் நிகழ்ந்ததை நினைவூட்டுவாம். பஞ்சகாலத்தில் அடியார்க்கு அமுதூட்ட ஞானசம்பந்தர்க்கும் நாவரசர்க்கும் நாடோறும் இறைவன் படிக்காசு அளித்தனன். சம்பந்தர் பெற்ற காசு வட்டத்துக்குரிய வாசியுடையதாகலின் அவர்தம் திருமடத்தில் அமுது காலந்தாழ்த்தது. அவர் 'கிடைத்ததே போதும்' என்றிருந்தாரல்லர், காசு அளித்த இறைவனிடத்தே சென்று, வாசி நீங்கவேண்டுமென்று பாடினார், பெற்றார். பெற்றவர் அளித்தவனிடம் குறையிரத்தல் அன்பின்மையாகாது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா. நாவரசர் காசு முதலிலேயே வாசியற்றதாயிருந்தது என்னை? அவர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் ஆகலின் என்பது பெரியபுராணம் கூறும் காரணம். கைத்தொழிலாளர் கூலியிற் குறைபிடிக்கும் எந்நாட்டு முதலாளியும் இதனை ஒருமுறை எண்ணுவது நன்று.

மற்றொரு தடை நம்மவரிடமிருந்தே எழும். 'அவரவர் வினை அவரவர் நுகர்கின்றனர், நாம் இடைப்புகுவானேன்?' என்பர். வினைக்கொள்கையைச் சோம்பலுக்குப் போர்வையாக்கும் இவ்வுரையை யாம் பலகாலும் கேட்டிருக்கின்றாம். பிறன் துன்பம் அவன் முன்வினைப் பயனாயினும், அதனைக் கண்டு வாளாவிருத்தல் நமக்கு ஆகாமியமாய் ஏறும். மருத்துவனை அழைப்பவன் நோயாளியின் பிராரத்தத்தை மறுத்தவனாகான்.

முதல் அயல்நாட்டாரது, ஆதாயமும் அவரதே, நமக்கென்ன பெருமை என்று வினவுவாரும் உளர். அவ்வினாவிற் சிறிது உண்மையுண்டு. நம் அடிகளார் பெயர் தாங்கிய மறைமலைநகரில் மோட்டார் வண்டி ஆக்கிவந்த ஃபோர்டு நிறுவனம் 2022இல் வேலையை நிறுத்தியபோது நம்மைக் கேட்டு நிறுத்தவில்லை. ஆயினும் அந்நாட்டாரும் தொடக்கத்தில் நம்போன்றவரே. 1953இல் போர் ஓய்ந்தபோது கொரியா உலகின் வறிய நாடுகளுள் ஒன்று. 1970 நவம்பர் 13இல் சியோல் நகரத்துத் தையல் தொழிலாளி ஜொன் தே-இல், தொழிற்சட்டம் ஏட்டளவிலே கிடத்தல் பொறாது தம் உடலைத் தீக்கிரையாக்கினார். தன்னுயிரைத் தானே மாய்த்தலை நம் நூல்கள் ஒப்பா. எனினும் அவர் கேட்டது முறைமையே. 1987இல் ஊல்சான் நகரத்து ஹூண்டாய் ஆலைகள் முதலாகத் தொழிலாளர் கிளர்ந்து சங்கங் கண்டனர். இன்று கொரியர் தம் நாட்டைப் பெருமையாகப் பேசும்போது ஆலையையும் பேசுகின்றனர். சியோலில் அத்தொழிலாளிக்குச் சிலையும் நிறுத்தியுள்ளனர்.

நம் அரசும் வாளாவிருக்கவில்லை. வல்லம் வடகாலில் மகளிர் 18,720 பேர் தங்குதற்கு ரூ. 706.50 கோடிச் செலவில் எழுந்த விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பூந்தமல்லியில் ஒலித்த மணிக்கு இது காலந்தாழ்த்த ஒரு விடை என்று கொள்ளலாம்; ஆங்குச் செல்வோர் காற்றும் நீரும் ஊணும் எவ்வாறுள்ளன என்று பார்த்தல் தகும்.

திருமடங்களிடத்தும் ஒரு விண்ணப்பம் உடையோம். திருவீழிமிழலையில் இரு மடங்கள் அடியார் பசி ஆற்றின. இங்கோ பதினெட்டும் இருபதும் நிரம்பிய பெண்கள் தொலைவிலுள்ள மாவட்டங்களினின்று வந்து, இரவெல்லாம் நின்று வேலைசெய்து, விடியலில் விடுதி சேர்கின்றனர். அவர்கள் குறையைக் கேட்டு ஆவன செய்ய ஒரு தம்பிரானும், பயில விரும்புவார்க்குத் திருமுறை சொல்ல ஓர் ஓதுவாரும் குன்றத்தூரில் இருத்தல் அரிய செயலன்று. வைகாசிப் பூசத்தில் அங்குச் சேக்கிழார் குருபூசை நிகழும். மகேசுர பூசைப் பந்தியில் ஒன்றை இரவு முறை முடித்து வரும் இப்பெண்களுக்கென வைக்கலாம். எந்நேரத்துக்கு இலை போடவேண்டுமென்பதை ஆலைப் பேருந்து ஓட்டுநரைக் கேட்டால் அவரே சொல்லுவர்.